பாதியில் இருக்கும் ஆய்வைப் பகிரும் கூடுகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தாங்கள் வாழும் பகுதியையும் மனிதர்களையும் சொந்த ஆர்வத்தில் ஆராய்பவர்கள் பலர். அவர்கள் ஒன்றுகூடி, இன்னும் முடியாத வேலையை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்கும் கூடுகைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நடத்த நினைப்பவர்கள், கலந்துகொள்பவர்கள், போக ஆசைப்பட்டும் தயங்குபவர்கள் என எல்லோருமே எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு தலைப்பில் தனித்தனியாக ஆய்வு செய்கிறோம். மாதம் ஒருமுறை கூடலாம் என்று பேசிக்கொண்டோம். கருத்தரங்கு மாதிரி ஆகிவிடாமல் இதை எப்படி அமைப்பது?

முதலில் எண்ணிக்கை. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை வந்தால் போதும், பதினாறைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். ஓர் ஆய்வைப் பற்றிப் பேச 18 நிமிடம் ஒதுக்குகிறீர்கள் என்றால், பன்னிரண்டு பேர் இருக்கும்போது ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். இருபத்துநான்கு பேர் என்றால் முக்கால் நிமிடம். முக்கால் நிமிடத்தில் யாரும் யோசித்துப் பேச முடியாது. பேசிப் பழகிய நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். கருத்தரங்காக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஒரு கூடுகைக்கு இரண்டு ஆய்வுகள் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், சேர்க்காதீர்கள். மூன்றாவதாகப் பேசுபவருக்கு எப்போதும் களைத்த காதுகளே கிடைக்கும். மொத்தம் இரண்டரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வந்து சேர்ந்து பேசிக்கொண்டிருக்க 20 நிமிடம், அறிமுகத்துக்கு 5, முதல் ஆய்வுக்கு 40, இடைவேளை 15, இரண்டாவது ஆய்வுக்கு 40, கடைசியில் கலைந்து நின்று பேச 30.

அந்த 40 நிமிடத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டும். பகிர்பவர் பேச 10 நிமிடம். புரியாததை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள 5 நிமிடம். எல்லோரும் வாய் திறக்காமல், தோன்றியதைத் துண்டுத்தாளில் எழுத 2 நிமிடம். கலந்துரையாடலுக்கு 18 நிமிடம். கடைசி 5 நிமிடம் மறுபடி பகிர்பவருக்கு. அதில் தன் காதில் என்ன விழுந்தது, அடுத்து எதை மாற்றப்போகிறார் என்று அவர் சொல்ல வேண்டும். எழுதும் அந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று நினைத்துப் பலரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் முதலில் பேசியவரின் கருத்தைச் சுற்றியே மொத்தப் பேச்சும் ஓடும். எழுதி வைத்திருந்தால் ஐந்தாவதாகப் பேசுபவரிடமும் சொந்தக் கருத்து ஒன்று இருக்கும்.

தொடக்கத்திலும் முடிவிலும் விட்ட ஐம்பது நிமிடத்தில் கை வைக்காதீர்கள். ஹாரிசன் ஓவன் என்பவர் 1983இல் ஒரு பெரிய சர்வதேச மாநாட்டை ஓராண்டு உழைத்து ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் மிகவும் பயனுள்ளதாகச் சொன்னது காபி இடைவேளைகளைத்தான். அதை வைத்தே, முன்கூட்டி நிகழ்ச்சி நிரல் இல்லாத 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற முறையை 1985இல் அவர் உருவாக்கினார். உங்கள் கூடுகையில் நிகழ்ச்சி நிரலும் வேண்டும், இடைவேளையும் வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூச்சப்பட்டதை ஒருவர் தனியாக வந்து கேட்பது கலைந்து நிற்கும் அந்த அரைமணி நேரத்தில்தான்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். திரையைக்கூட முடிந்தவரை தவிர்க்கலாம், ஏனென்றால் திரை இருந்தால் எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பிவிடும். அதற்குப் பதில் ஏ4 தாளில் இரண்டு பக்கத்துக்கு மிகாத பிரதி கொடுங்கள். எழுத்து 12 புள்ளி அளவில், ஓரத்தில் வரி எண்ணோடு இருக்கட்டும். வரி எண் இருந்தால் "14வது வரியில் சொல்வதும் 31வது வரியில் சொல்வதும் ஒத்துப்போகவில்லையே" என்று ஒருவர் நேராகச் சுட்ட முடியும். எண் இல்லாவிட்டால் "மொத்தத்தில் கொஞ்சம் தெளிவில்லை" என்ற அளவோடு நின்றுவிடுவார்.

மூன்று பொறுப்புகளை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்: நடத்துபவர், நேரம் பார்ப்பவர், குறிப்பெடுப்பவர். பகிர்பவரையே குறிப்பெடுக்க விடக்கூடாது. எழுதிக்கொண்டிருப்பவர் காதில் பாதிதான் விழும், அதிலும் தனக்குப் பிடிக்காத பாதி நழுவிவிடும்.

கேள்வி: ஆய்வு எந்த நிலையில் இருக்கும்போது பகிரலாம்? என்னிடம் வெறும் தரவு மட்டும் இருக்கிறது. இதை எப்படிக் காட்டுவது என்று கூச்சமாக இருக்கிறது.

வெறும் தரவு இருக்கும் நேரம்தான் மிகச் சரியான நேரம். எழுதி முடித்துப் பக்கம் அமைத்தபின் கொண்டுவந்தால், கேட்பவர்கள் எழுத்துப்பிழையை மட்டும்தான் சொல்வார்கள். அடிப்படையில் தவறு தெரிந்தாலும் இவ்வளவு உழைத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் தன் தெருவின் இரைச்சலைக் கைப்பேசிச் செயலியால் அளந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 60 டெசிபல், மாலையில் 80 டெசிபல். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி 70 என்று எழுதிவிட்டார். டெசிபல் மடக்கை அளவு, அதாவது எண் சீராகக் கூடும்போது ஆற்றல் மடங்கு மடங்காகப் பெருகும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனவே சாதாரணச் சராசரி இங்கே செல்லாது. ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்து, மறுபடி டெசிபலாக்கினால் 77 வரும். பத்து நாள் தரவு மட்டும் கையில் இருக்கும்போது இதை ஒருவர் சுட்டிக்காட்டினால் அன்றிரவே கணக்கைத் திருத்திவிடலாம். "இரண்டு கைப்பேசிகளை ஒரே இடத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தீர்களா?" என்று இன்னொருவர் கேட்பார். கைப்பேசிக்குக் கைப்பேசி ஒலிவாங்கி வேறுபடும், ஒரே ஒலிக்கு வேறு வேறு எண் காட்டும். பாதியில் கருவியை மாற்றியிருந்தால் முன்பாதியையும் பின்பாதியையும் ஒப்பிட முடியாமல் போகும். ஆறுமாதத் தரவு சேர்ந்தபின் இதைக் கேட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதற்கேற்ற பொருளைக் கொண்டுவாருங்கள். கேள்வி மட்டும்தான் இருக்கிறது என்றால் அரைப் பக்கம் எழுதி வாருங்கள்: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரிடம் கேட்கப்போகிறீர்கள், எது நடந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை, அதையே கூட்டத்தில் பேசலாம்.

வினாப்பட்டியல் தயார் என்றால் அதைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அங்கேயே இரண்டு பேரை நிரப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே பேனா நிற்கிறது என்று கவனியுங்கள். "குடிநீரின் தரமும் அளவும் போதுமானதாக இருக்கிறதா?" போன்ற இடத்தில் கட்டாயம் நிற்கும், ஏனென்றால் அது இரண்டு கேள்வி. தரம் நன்றாக இருந்து அளவு போதாதவர் எதைக் குறிப்பார்?

நேர்காணல்கள் முடிந்திருந்தால், பேச்சை எழுத்தாக்கிய தாளில் ஒரே ஒரு பக்கத்தை எல்லோருக்கும் கொடுத்து, முக்கியம் என்று படுவதை அடிக்கோடிடச் சொல்லுங்கள். உங்கள் அடிக்கோடுகளை முன்பே காட்டிவிடாதீர்கள். ஆறு பேர் அடிக்கோடிட்ட வரி உங்கள் பட்டியலில் இல்லை என்றால், அந்தக் கூடுகையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பயன் அதுதான். எண்களாக இருந்தால் வரைபடத்துக்கு முன் அட்டவணையின் பதினைந்து வரிகளை அப்படியே காட்டுங்கள். வரைபடம் போட்டுவிட்டால் காலியான கட்டங்களும் பொருந்தாத எண்களும் மறைந்துவிடும்.

வரைவு எழுதியிருந்தால் நாற்பது பக்கத்தையும் தூக்கிவர வேண்டாம். எழுதும்போது எங்கே திணறினீர்களோ அந்த இரண்டு பக்கம் போதும்.

எந்த நிலையானாலும், பகிர்பவர் தன் பிரதியின் மேலே ஒரு கேள்வியோ இரண்டோ எழுதியிருக்க வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்பதற்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "காலை, மாலை என்று இரண்டு வேளை மட்டும் அளந்தது போதுமா, நள்ளிரவும் வேண்டுமா?" என்று கேட்டால் பத்துப் பேரும் யோசிப்பார்கள்.

கேள்வி: எங்கள் கூடுகைக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வருகிறார். நிறையத் தெரிந்தவர், நல்லவர். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். சென்றமுறை பகிர்ந்த பெண் கண்கலங்கிப் போனார். என்ன செய்வது?

அவரை வராமல் செய்ய வேண்டாம். அவர் அறிவு எல்லோருக்கும் வேண்டும். பேசும் வரிசையை மட்டும் மாற்றினால் போதும்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய ஒரு முறை உண்டு. முடியாத கலைப்படைப்புகளுக்குக் கருத்துச் சொல்ல ஏற்பட்டது, ஆய்வுக்கும் அப்படியே பொருந்தும். நான்கு படிகள். முதலில், கேட்டவர்கள் தங்களுக்கு எது மனத்தில் நின்றது, எது புதிதாகப் பட்டது என்று சொல்கிறார்கள். இரண்டாவது, பகிர்பவர் கேட்கிறார், மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். மூன்றாவது, மற்றவர்கள் பகிர்பவரிடம் கேள்வி கேட்கிறார்கள், ஆனால் தங்கள் கருத்தை உள்ளே வைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். நான்காவதில்தான் கருத்து. அதையும் "தரவு சேகரித்த விதம் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுச் சொல்ல வேண்டும். பகிர்பவர் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

கடினமானது மூன்றாவது படி. "ஏன் இவ்வளவு குறைவான பேரிடம் மட்டும் பேசினீர்கள்?" என்பது கேள்வி வடிவத்தில் இருக்கும் தீர்ப்பு. "எத்தனை பேரிடம் பேசுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பதுதான் கேள்வி. முதலாவதைக் கேட்டால் பகிர்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். இரண்டாவதைக் கேட்டால் யோசிக்கத் தொடங்குவார், பல நேரம் எண்ணிக்கை போதாது என்பதைத் தானே சொல்லிவிடுவார். நடத்துபவர் இங்கே விழிப்பாக இருந்து, "அதையே கருத்தில்லாத கேள்வியாகக் கேட்க முடியுமா?" என்று மென்மையாகத் திருப்ப வேண்டும். முதல் இரண்டு கூடுகையில் செயற்கையாகத்தான் தோன்றும், பிறகு பழகிவிடும்.

பேராசிரியரிடம் தனியாக, கூடுகைக்கு முன்பே பேசுங்கள். "நீங்கள் கடைசியில் பேசினால் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல முடியும் ஐயா" என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது உண்மையும்கூட. கூட்டத்துக்கு நடுவில் எல்லோர் முன்னாலும் தடுத்து நிறுத்துவது இரு பக்கமும் காயம்.

இன்னொன்று: நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி அமைதியாக இருக்கப் பழக வேண்டும். மூன்றாவது விநாடியிலேயே அவரே எதையாவது சொல்லி இடைவெளியை நிரப்பிவிட்டால், மெதுவாக யோசிப்பவர்கள் அன்று முழுவதும் பேச மாட்டார்கள்.

கண்கலங்கிப் போனவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுநாள் ஒருவர் பேசி, குறிப்புகளிலிருந்து அவருக்குப் பயன்படும் இரண்டு மூன்று புள்ளிகளை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அடுத்த கூடுகைக்கு வருவாரா என்பது பெரும்பாலும் அந்தப் பேச்சைப் பொறுத்தது.

கேள்வி: சிறந்த ஆய்வுக்குப் பரிசு கொடுத்தால் ஊக்கமாக இருக்குமா?

வேண்டாம். பரிசு என்றதும் எல்லோரும் முடித்த வேலையைத்தான் கொண்டுவருவார்கள், ஓட்டைகளை மறைப்பார்கள்.

கேள்வி: முடியாத ஆய்வைச் சொன்னால் யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. சாத்தம் ஹவுஸ் விதியைப் பின்பற்றினால் போதுமா?

போதாது. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தில் 1927இல் உருவாகி, பின்னர் 1992இலும் 2002இலும் திருத்தப்பட்ட அந்த விதி சொல்வது இது: கேட்ட தகவலை யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பதை வெளியிடக்கூடாது. அரசியல் பேச்சுக்கு அது சரி. உங்கள் நிலைமைக்கு நேர் எதிரானது. உங்கள் கண்டுபிடிப்பை ஒருவர் எடுத்துச் சொல்லலாம், உங்கள் பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்று ஆகிவிடும்!

உங்களுக்கு வேண்டிய விதியைச் சொந்தமாக இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: "இங்கே கேட்ட ஆய்வைப் பகிர்ந்தவரின் அனுமதியின்றி வெளியே சொல்லவோ எழுதவோ படம்பிடிக்கவோ மாட்டேன். அனுமதியோடு சொன்னால் அவர் பெயரோடு சொல்வேன்." ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் இதை வாசித்துவிடுங்கள், புதிதாக வந்தவர் தெரியாமல் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடும் சிக்கல் பாதி குறையும். பிரதியின் மூலையில் மூன்று நிறங்களில் ஒன்றை ஒட்டும் வழக்கமும் உதவும்: சிவப்பு என்றால் தாளைத் திருப்பித் தர வேண்டும், மஞ்சள் என்றால் வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் காட்டக்கூடாது, பச்சை என்றால் பகிரலாம். சிவப்புத் தாள்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தேதி, தலைப்பு, பகிர்ந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பிறகு யார் முதலில் சொன்னார்கள் என்ற பேச்சு வரும்போது சான்றாக இருக்கும்.

காப்புரிமை வாங்கக்கூடிய கருவியோ செய்முறையோ இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளிப்படுத்திவிட்டால் அது புதுமை என்ற தகுதியை இழந்துவிடலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. பத்துப் பேர் மட்டுமே இருந்தாலும், இரகசியம் காக்கும் கடமை அவர்களுக்கு இல்லை என்றால் அது பொது வெளிப்பாடாகக் கருதப்படலாம். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் பகிருங்கள்.

மற்றபடி, சமூக ஆய்வில் திருட்டைவிட அதிகம் இழப்பு தருவது தனிமை. ஒரே பகுதியில் ஒரே தலைப்பில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் உழைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பேசினால்தான் அது தெரியவரும்.

கேள்வி: முதியவர்களிடம் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கூடுகையில் போட்டுக்காட்டலாமா? பெயரை நீக்கிவிட்டேன்.

அவர்கள் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று முதலில் பாருங்கள். "ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்று சொன்னவர், தன் குரலைப் பன்னிரண்டு பேர் கேட்கலாம் என்று சொன்னதாக ஆகாது. ஒப்புதல் படிவத்தில் தனி வரியாகவே கேளுங்கள்: எழுத்தாக்கியதைச் சிறு குழுவில் காட்டலாமா, குரலைப் போட்டுக்காட்டலாமா, படத்தைக் காட்டலாமா. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் மறுபடி போய்க் கேட்பதுதான் வழி.

பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடாது. அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் காட்டியது இது: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றே இருந்தால் 87 சதவீத மக்களைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு. ஒரு சிறிய குடியிருப்பில் "மூன்று பிள்ளைகள் உள்ள ஓய்வுபெற்ற செவிலியர்" என்றாலே போதும், அறையில் இருக்கும் ஒருவருக்கு யாரென்று தெரிந்துவிடும். சமூக ஆய்வாளர்கள் கூடும் இடத்தில் இந்த ஆபத்து பெரிது, ஏனென்றால் கேட்பவர்களும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் வயதைப் பத்தாண்டு வரம்பாக்குங்கள், தொழிலைப் பொதுவாக்குங்கள். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டம் இருந்தால் அந்த எண்ணைக் காட்டாமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

நில வரைபடத்தில் புள்ளி வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்சரேகை எண்ணில் நான்கு தசம இடம் வரை எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம், அதாவது ஒரு வீடு. மூன்று இடம் என்றால் 110 மீட்டர். இரண்டு இடம் என்றால் 1.1 கிலோமீட்டர். நேர்காணல் கொடுத்தவர் வீட்டைக் காட்ட வேண்டிய தேவை இல்லையென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். கைப்பேசியில் எடுத்த படக்கோப்புக்குள்ளும் இருப்பிடம் பதிவாகியிருக்கலாம், கோப்பை அனுப்பும் முன் அதை நீக்க வேண்டும். திரையில் காட்டும்போது கோப்பின் பெயரிலேயே பேசியவர் பெயர் இருப்பதைக் கடைசி நேரத்தில்தான் கவனிப்பார்கள். எண் கொடுத்துச் சேமித்தால் அந்தச் சிக்கல் வராது.

இதற்கெல்லாம் மேலே, அந்தத் தரவு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. கனடாவின் முதற்குடி மக்கள் 1998இல் வகுத்த கொள்கைகள் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் சமூகத்திடமே இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் அளவில் இதைச் செய்யலாம்: கூடுகையில் காட்டும் பகுதியை நேர்காணல் கொடுத்தவருக்கே முதலில் வாசித்துக்காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்ன வரியை நீக்குங்கள். முடிந்தால் அவரையே அழைத்து வாருங்கள். உங்கள் விளக்கத்தில் இருக்கும் பிழையை அவரைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

கேள்வி: பெச்சாகுச்சா முறை எங்கள் குழுவில் பிரபலம். இதற்குப் பயன்படுத்தலாமா?

2003இல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது அது. 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. ஸ்லைடுகள் தானாக நகரும். நீட்டி முழக்குபவர்களைக் கட்டுப்படுத்த அருமையான முறைதான். ஆனால் முடிந்த வேலைக்கே அது பொருத்தம். பாதியில் இருக்கும் வேலையில், "இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம்" என்று நின்று காட்ட வேண்டியிருக்கும். ஸ்லைடு நகர்ந்துவிட்டால் நிற்க முடியாது. ஐந்து ஸ்லைடு, கையால் நகர்த்துவது, கடைசி ஸ்லைடில் உங்கள் கேள்வி, அது கலந்துரையாடல் முடியும்வரை திரையிலேயே இருக்கட்டும். அது போதும்.

கேள்வி: பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் இணையத்தில். இணையத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு ஒன்றுமே கேட்பதில்லை என்கிறார்கள்.

மடிக்கணினியின் ஒலிவாங்கி இரண்டு மீட்டருக்கு அப்பால் பேசுவதைச் சரியாக வாங்காது. வட்டத்தின் நடுவில் எல்லாப் பக்கமும் கேட்கும் ஒலிவாங்கி ஒன்றை வையுங்கள். அறையில் வேறு யாரும் இணைப்பில் ஒலியைத் திறந்து வைக்கக்கூடாது, திறந்தால் எதிரொலி. பிரதியை மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். இணையத்தில் இருப்பவர்களுக்காக அறையில் ஒருவர் இருக்க வேண்டும். அவர்கள் எழுதுவதைப் படித்து, கை உயர்த்தி, அவர்கள் பெயரில் பேசுவதே அவர் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் முதல் வாய்ப்பை இணையத்தில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். கடைசியில் கொடுப்பதாக வைத்தால் நேரம் முடிந்துவிடும்.

இவ்வளவும் முடியாது என்றால் ஒரு மாதம் முழுக்க நேரில், ஒரு மாதம் முழுக்க இணையத்தில் என்று மாற்றி மாற்றி நடத்துவது நல்லது.

கேள்வி: முதல் மூன்று மாதம் நல்ல கூட்டம். இப்போது நான்கு பேர்தான் வருகிறோம். பகிர ஆள் கிடைப்பதில்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். நான்கு பேர் நல்ல எண்ணிக்கைதான், ஓர் ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள்.

பொதுவாகக் கூட்டம் குறைவது ஒவ்வொரு முறையும் தேதியைக் கேட்டு முடிவு செய்வதால். எல்லோருக்கும் வசதியான நாள் தேடினால் தேதி தள்ளிப்போகும், பழக்கம் விட்டுப்போகும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்பது போல ஒன்றை நிரந்தரமாக்குங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட், எராஸ்மஸ் டார்வின், மேத்யூ போல்டன் முதலான அறிவியல் ஆர்வலர்கள் கூடிய 'லூனார் சொசைட்டி'க்கு (நிலவுச் சங்கம்) அந்தப் பெயர் வந்ததே பௌர்ணமியை ஒட்டிக் கூடியதால்தான். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இரவில் வீடு திரும்ப நிலவொளி வேண்டும். யாரும் யாருக்கும் தேதி நினைவூட்ட வேண்டியதும் இல்லை. உங்கள் உறுப்பினர்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு பாருங்கள். கடைசிப் பேருந்துக்கு அரைமணி முன்பு முடியாத கூடுகைக்குப் பெண்களும் முதியவர்களும் மெல்ல மெல்ல வராமல் போவார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள்.

பகிர ஆள் கிடைக்காததற்குக் காரணம், "அடுத்து யார்?" என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்பது. இடைவேளையில் தனித்தனியாகக் கேளுங்கள். "உங்கள் வேலையில் இப்போது எது சிக்கிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டால் பேசத் தொடங்குவார்கள். பேசி முடித்ததும் "இதைத்தான் அடுத்த மாதம் பத்து நிமிடம் சொல்ல வேண்டும்" என்று முடித்துவிடலாம். எப்போதும் அடுத்த இரண்டு கூடுகைக்கான பெயர்கள் கையில் இருக்கட்டும். கூடவே, கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் எடுத்துக்கொள்ள வினாப்பட்டியல் ஒன்றோ பழைய ஆவணத்தின் ஒரு பக்கமோ தயாராக இருக்கட்டும்.

முன்பு பகிர்ந்தவருக்கு அடுத்த கூடுகையில் மூன்று நிமிடம் கொடுங்கள். சென்ற முறை கேட்டதில் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை, ஏன் என்று சொல்லட்டும். கருத்துச் சொன்னவர்களுக்குத் தங்கள் நேரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். இது இல்லாத கூடுகைகளில்தான் கேட்பவர்கள் முதலில் குறைகிறார்கள், பிறகு பகிர்பவர்கள் குறைகிறார்கள். நடத்துபவர் பொறுப்பையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். ஒருவரே சுமந்தால் அவருக்கு உடம்பு முடியாத மாதத்தோடு கூடுகையும் நின்றுவிடும்.

கேள்வி: நான் பட்டம் எதுவும் வாங்காதவள். எங்கள் பகுதிப் பெண்களின் வேலை வரலாற்றை எழுதி வருகிறேன். இப்படிப்பட்ட இடத்துக்கு வரலாமா?

கட்டாயம் வாருங்கள். 1960களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் ராஃபேல் சாமுவேல் தொடங்கிய வரலாற்றுப் பட்டறைகளில் தங்கள் ஆய்வை வாசித்தவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டிருந்து படிக்க வந்த தொழிலாளர்கள். தாங்கள் செய்த தொழிலின் வரலாற்றையே அவர்களில் பலர் எழுதினார்கள். தொழிலின் உள்விவரம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் நிலையும் அதுதான்.

முதல்முறை கேட்க மட்டும் வாருங்கள். இரண்டாவது முறை ஒரு பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் அதை யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று குறித்திருந்தால் போதும்.

கேள்வி: கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணாக வருகின்றன. எதை எடுத்துக்கொள்வது? கருத்துச் சொன்னவர்களுக்கு நன்றி எப்படிச் சொல்வது?

குறிப்பெடுத்தவரின் தாளை வாங்கி, மறுநாள் மூன்றாகப் பிரியுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே வேண்டாம், மனம் சூடாக இருக்கும். முதலாவது, தவறு என்று உறுதியானவை: தப்பான ஆண்டு, தப்பான கணக்கு. ஒரு வாரத்துக்குள் திருத்திவிடுங்கள். இரண்டாவது, சரிபார்த்தால் தெரியக்கூடியவை: "மழை நாட்களில் இரைச்சல் வேறுபடும்" என்றால் அளந்து பார்த்துவிடலாம். மூன்றாவது, விருப்பம் சார்ந்தவை: இப்படி எழுதியிருக்கலாம், அந்தக் கோணத்தில் பார்த்திருக்கலாம். இவற்றைத் தனித்தாளில் எழுதி ஒதுக்கி வையுங்கள், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே பத்தியைப் பற்றி இருவர் நேர் எதிராகச் சொன்னால், யார் சரி என்று தேடுவதற்கு முன் அந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் அது இரண்டு விதமாகப் பொருள்படும்படி எழுதப்பட்டிருக்கும்.

நன்றிக்கு, பெயரைப் போடும் முன் அனுமதி கேட்க வேண்டும். ஆய்வின் முடிவோடு தன் பெயர் சேர்வதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். "டெசிபல் சராசரியைத் திருத்த உதவியவர்" என்று எதற்கு நன்றி என்பதையும் எழுதுங்கள். ஒருவர் கருத்தோடு நிற்காமல் தரவை வாங்கிக் கணக்கைத் தானே திரும்பச் செய்திருந்தால், நன்றி போதாது. அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக வர வேண்டுமா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்து, இருவரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி வரியை அச்சுக்குப் போகும் முன் உரியவருக்கு அனுப்பி, பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் சரியா என்று கேட்டுவிடுங்கள்.